ரிஜெக்ட் இல்லாத தட்டு

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும், ஆம்பூரில் எங்கள் சபை வாசலில் வாக்குத்தத்த அட்டைத் தட்டை நான்தான் ஏந்தி நிற்பேன். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுப்பார்கள். அதிலுள்ள வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு.

சபையில் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்தே எடுப்பார். ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவர். ஒல்லியான உடம்பு, நகக்கண்ணில் போகாத சாயம். அட்டையைப் படித்ததும் திருப்பி, வெறும் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். தோலின் குறை பின்பக்கத்தில்தான் தெரியுமாம்.

அந்த வருஷம் அவர் மனைவி வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் எடுத்த அட்டை சுகம் கிடைக்கும் என்றது.

"தம்பி, கஷ்டம் வரும்னு சொல்ற அட்டை இதுல ஒண்ணாச்சும் இருக்கா?"

"இல்லண்ணா, எல்லாமே நல்ல வாக்குதான்."

"ஒரு லாட் தோல்ல ஒரு ரிஜெக்ட் கூட இல்லன்னா, எவனும் செக் பண்ணலன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப இன்னாத்துக்குண்ணா வருஷா வருஷம் எடுக்குறீங்க?"

"குறை பாக்குறவன் தோலே வேணாம்னா பாக்குறான்? ஒண்ணாச்சும் நல்லதா வந்துடாதான்னுதான்."

ஈஸ்டருக்கு முன்பே அந்த அக்காவை அடக்கம் செய்தோம். இனி அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த புத்தாண்டுக்கும் வந்தார். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு, எதையும் எடுக்காமல், ஒவ்வொரு அட்டையின் முதுகையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை நீண்டது. நான் தட்டை அசைக்கவில்லை.