கிராக்கு என்ற பட்டம்

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவுக்கு ஒத்துவராதவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், கிராக்கு. மழையில் குடை பிடிக்காதவன் கிராக்கு. பெண்டாட்டிக்குத் துணி துவைத்துக் கொடுத்தவன் பெரிய கிராக்கு. மண்டை கழன்ற கேஸ் என்று அர்த்தம். யோசிக்கச் சோம்பல்படும் ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தையே தாராளம்.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்த மகானுபாவர் என் அப்பா. கன்டோன்மென்டில் ராணுவ மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். அங்கே குடிக்காமல் புத்தகம் படித்த ஒரு துரையை மற்ற துரைகள் கிராக் என்பார்களாம். வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷமாகியும் அப்பா அந்த எச்சிலை விடவில்லை.

நான் கிராக்கு ஆனது சாப்பாட்டால். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மிலிட்டரி ஹோட்டலுக்குப் போய், ஆண்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து ஒரு பிளேட் பிரியாணி சாப்பிடுவேன். குற்றம் அவ்வளவுதான். வாயைப் பிளந்து பார்த்தவர்கள் எல்லாம் வீட்டுப் பெண்களுக்கு எலும்பை மிச்சம் வைக்கிற பெரிய மனிதர்கள்.

அப்போது அத்திபெலேயிலிருந்து ஒரு வரன் வந்தது. லாரி ஆபீஸ் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்று என் வேகம் எவ்வளவு என்று கேட்டான். டைப்பில் அறுபது, பேச்சில் அதைவிட அதிகம் என்றேன். சிரித்தான். எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். கட்டினால் இவனைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வழக்கப்படி அவன் அப்பா தெருவில் விசாரித்தார். மளிகைக் கடையிலிருந்து குழாயடி வரை ஒரே பதில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். நான் காபி கொடுத்தேன்.

"பொண்ணு கொஞ்சம் கிராக்குன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று பெரியவர் கேட்டார்.

என் அப்பா தலையைச் சொறிந்தார். "கல்யாணம் ஆனா சரியாப் போயிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். துரை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாப் போகாதுங்க" என்று சொல்லி, அவன் கையிலிருந்த பாதிக் காபியைப் பிடுங்கி வாசலில் ஊற்றினேன். வரன் அத்தோடு போயிற்று.

அப்போதே சொன்னோமே என்று தெரு பூரித்தது. நாசமாய்ப் போகட்டும். ஆனால் அந்த வாயில்லாப் பூச்சியை நினைத்து இரண்டு வருஷம் டைப் மெஷின் முன்னால் அழுதேனே, அதற்காக என்னைக் கிராக்கு என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.