உயிரோடிருந்த நோயெமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

அரிசோனாவின் அந்தச் செம்புச் சுரங்க ஊரில், புனித அப்போலோனியா கத்தோலிக்கப் பள்ளியின் சமையற்கட்டில் பெர்ஃபெக்தா அர்மெண்டா பதினோரு வருடமாகப் பீன்ஸ் வேகவைக்கிறாள். அதே பள்ளியில் அவள் மகள் நோயெமி ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்பும் அங்கேயேதானா என்பது ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்குள் தெரிந்துவிடும். கட்டணத்தில் பாதியைப் பள்ளி தள்ளுபடி செய்திருந்தது. மறுபாதிக்கு யாராவது அவள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியரும் கிடையாது. மாநிலத்துக்கு வரி வருமானம் குறைந்துவிட்டதாம்.

வரி எங்கே போனது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம், சாலையைக் கடந்தால் போதும். மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியை மாநிலத்துக்குக் கட்டாமல் கத்தோலிக்கக் கல்வி உதவிச் சங்கத்துக்குக் கட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. கட்டியது முழுவதும் வரியில் கழிந்துவிடும். கொடுத்தவர் பையில் ஒரு சென்ட்கூடக் குறையாது, வள்ளல் என்ற பெயர் மட்டும் கூடும். எந்தப் பிள்ளைக்கு என்று சீட்டில் பெயரும் எழுதலாம். சொந்தப் பிள்ளையின் பெயரை எழுதக்கூடாது. உன் பிள்ளைக்கு நான், என் பிள்ளைக்கு நீ என்று பேசிவைத்து எழுதுவதும் குற்றம். ஆகவே குன்றின் மேல் வீடு வைத்திருப்பவர்கள் பேசிவைப்பதில்லை. திருமதி விட்காம் திருமதி ஹேலின் மகனை எழுதுவாள். திருமதி ஹேல் திருமதி விட்காமின் மகனை எழுதுவாள். வருடா வருடம் நடக்கும் இந்தத் தற்செயலுக்குப் பரிசுத்த ஆவியின் ஏவுதல் என்று பெயர்.

பெர்ஃபெக்தாவுக்குத் தேவை வரி கட்டும் ஒரு மனிதர். கீழ்த்தெருவில் அவள் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள்.

"அண்ணே, உங்களுக்கு மாநில வரி பாக்கி ஏதாச்சும் இருக்கா?" என்று கூரை வேலை செய்யும் தன் அண்ணனிடமே முதலில் கேட்டாள்.

"என்னை எந்த வம்புல மாட்டிவிடப் பாக்குற? நான் யாருக்கும் பாக்கி இல்ல தாயி."

"அதாண்ணே என் கஷ்டமே!"

சலவைக்கடைக்காரிக்கு வரி இல்லை. ரொட்டிக்கடைக்காரருக்குச் சம்பளமே இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்காகவே தீட்டப்பட்ட திட்டம் என்று பள்ளி வாசலில் பதாகை தொங்கியது. ஏழையைத் தெரிந்த பணக்காரன் ஒருவன் வேண்டும் என்பதை மட்டும் அதில் எழுத இடம் போதவில்லை போலும்.

கடைசியில் அகப்பட்டவர், ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கும் திபுர்சியோ வில்யாசெஞோர். சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய தொழிற்சங்கக்காரர். ஓய்வூதியத்துக்கு ஒழுங்காக வரி கட்டுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே ஆள். உதவிச் சங்கத்தின் சீட்டு வைத்த உறையைப் பெர்ஃபெக்தா அவரிடம் நீட்டினாள்.

"என் வரி எதிர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும் மகளே. அங்க கணக்கு வாத்தியாரு இல்லாததுக்கு இந்த உறைதான் காரணம். தெரியுமா உனக்கு?"

"தெரியும் தோன் திபுர்சியோ. நீங்க அரசாங்கத்துக்கே கட்டுங்க. வாத்தியாரு என்னைக்கு வருவாரு?"

"அது... நாலஞ்சு வருசம் ஆகலாம்."

"என் பொண்ணுக்கு அதுக்குள்ள கல்யாணமே ஆயிடும்."

அவர் முனகிக்கொண்டே உறையை வாங்கி வைத்தார். வாங்கி வைத்த மேசையில் இன்னொரு உறையும் கிடந்தது. அந்த வாரம் அவர் மனைவி ஓர்த்தென்சியாவின் நினைவு நாள். வருடந்தோறும் அவளுக்குப் பூசை கேட்டுப் பத்து டாலரும் சீட்டுமாக உறையில் போட்டு, கோவில் உண்டியலில் சேர்ப்பது அவர் வழக்கம். இரண்டு சீட்டும் ஒரே அச்சகத்தில் அடித்தவை. இரண்டிலும் 'யாருக்காக' என்று ஒரு கோடு இருந்தது. மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு, அவர் இரண்டு கோட்டையும் நிரப்பினார்.

குருத்து ஞாயிறன்று கோவில் நிரம்பி வழிந்தது. கையில் ஓலையோடு நோயெமி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பங்குத்தந்தை தகானாய் சீட்டைப் பார்த்து, உருக்கமான குரலில் வாசித்தார்:

"இன்றைய திருப்பலி, ஆண்டவரில் துயில்கொள்ளும் நோயெமி அர்மெண்டாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

ஆண்டவரில் துயில்கொள்ளும் நோயெமி எழுந்து நின்று, "அம்மா, நான் எப்ப செத்தேன்?" என்று கேட்டாள்.

சலவைக்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். திருமதி விட்காம் மார்பில் கை வைத்து, "அடக் கடவுளே, பாவம் அந்தக் குழந்தை!" என்று கண் கலங்கினாள். மூன்று வாரமாக அதே குழந்தையின் பெயர் பள்ளி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில், உதவி தேவைப்படுவோர் பட்டியலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. உயிரோடிருந்தபோது யாருக்கும் கண் கலங்கவில்லை.

திபுர்சியோவுக்குச் சட்டென்று விளங்கியது. "அப்படின்னா பள்ளிக்கூடச் சீட்டுல..." என்று எழுந்தவர், பாதியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடச் சீட்டில் ஓர்த்தென்சியா இருந்தாள். இறந்து எட்டு வருடம் ஆன அந்த அம்மாளுக்குக் கல்வி உதவி கிடைத்திருந்தது. மறுநாள் காலை பெர்ஃபெக்தா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். கெடு முடிய இரண்டே நாள்.

"பெயரை மாத்தணும்னா, மொதல்ல எழுதின மாணவி நம்ம பள்ளியில சேரலைன்னு அத்தாட்சி வேணும் சார்," என்றான் மேசைக்குப் பின்னாலிருந்தவன்.

"அவ சேர மாட்டாப்பா. நிச்சயமா சேர மாட்டா."

"வேற பள்ளியில சேந்துட்டாங்களா?"

"ஆமா. மேல இருக்குற பள்ளியில."

அவர் இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார். அவன் அதைப் படித்துவிட்டு, கோவில் வாரச் செய்தித்தாளைப் புரட்டினான். "இந்த நோயெமியும் காலமானதா இங்க அச்சாயிருக்கே?"

பெர்ஃபெக்தா வாசலைப் பார்த்து, "ஏய் செத்தவளே, உள்ள வா!" என்று கத்தினாள். நோயெமி கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே வந்தாள். அப்படியும் அது போதவில்லை. பங்குத்தந்தை தொலைபேசியில் உறுதி சொன்ன பிறகே அவள் உயிர்த்தெழுந்தாள். ஆண்டவரே மூன்றாம் நாள்வரை காத்திருந்தார். இவளுக்கு ஒரே நாளில் முடிந்தது.

மே மாதம் வள்ளல்களுக்கு நன்றி விருந்து. சமையல் பெர்ஃபெக்தா. உதவி பெற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று, "உங்கள் தியாகத்துக்கு நன்றி" என்று வாசித்தார்கள். திருமதி விட்காம், திருமதி ஹேல் இருவரின் மகன்களும் அந்த வரிசையில் நின்றார்கள். நோயெமி கடைசியில் நின்றாள்.

திபுர்சியோவை மேடைக்குக் கூப்பிட்டுச் செம்புத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். 'தாராள மனத்தினர்' என்று அதில் பொறித்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"தப்பா எழுதியிருக்கீங்க," என்றார். "அது வரி. எதிர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரோட சம்பளம் அது. என் பையிலருந்து இந்தப் புள்ளைக்காக நான் கொடுத்தது பத்தே டாலரு. அதையும் ஃபாதர் அவ ஆத்துமாவுக்குச் செலவு பண்ணிட்டாரு."

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற பெர்ஃபெக்தா மட்டும் கரண்டியால் பாத்திரத்தை மூன்று முறை தட்டினாள். பிறகு ஒரு தட்டு எடுத்து, வள்ளல்களுக்கு முன்பாக அவருக்குப் பரிமாறினாள்.