ஆடுகளத்தில் எங்கள் வீட்டுச் சாவி

அப்பா தேசிய மைதானத்தில் ஆடுகளம் தயாரிப்பவர். முப்பத்தொரு வருடம். மண்ணின் ஈரத்தை அளக்க அவர் நம்பிய ஒரே கருவி எங்கள் வீட்டுச் சாவி. நுனியை வைத்து அழுத்துவார். பாதிக்கு மேல் இறங்கினால் வெயில் போதவில்லை. இறங்கவே மறுத்தால் தண்ணீர் விட வேண்டும்.

நான் மண் பொறியியல் படித்தவன். முதல் சம்பளத்தில் அவருக்கு ஈரமானி வாங்கிக் கொடுத்தேன். அதைத் துடைத்து அலமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். வேலைக்குச் சாவிதான் போகும்.

அதனால் அம்மா சாவியில்லாமலே பூட்டை அமுக்கிவிட்டுக் கடைக்குப் போய், திரும்பும்போது மைதானத்தில் சாவி வாங்கிக்கொள்வார்.

நாட்டின் முதல் டெஸ்ட் போட்டி. வெளிநாட்டு அதிகாரி ஒருவர் ஆடுகளத்தைப் பார்த்துச் சரி என்றால் இங்கே நடக்கும். இல்லையென்றால் போட்டி கைவிட்டுப் போகும். மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார் அப்பா. அதிகாரியின் கார் நுழையும் நேரத்தில் மனது கேட்காமல் இன்னொரு முறை அழுத்தினார். சாவி முறிந்தது. பந்து குத்தும் இடத்தில் பாதி உள்ளே.

அப்பா அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி வந்து நின்றார். "ஏன் எழுந்திருக்கலைன்னு கேக்கிறார்ப்பா."

"கால் மரத்துப்போச்சுன்னு சொல்லு."

சொன்னேன். அதிகாரி காத்திருந்தார். அதற்குள் காய்கறிப் பையோடு அம்மா வந்துவிட்டார்.

"சாவி எங்கங்க?"

அப்பா கண்ணால் கீழே காட்டினார்.

"நகருங்க. அடைகாத்தா குஞ்சா பொரிக்கும்?" கொண்டை ஊசியை உருவி, குனிந்து, முள் எடுப்பதுபோல் எடுத்தார். மண் பிளக்கவில்லை.

அதிகாரி சாவித் துண்டைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் தன் கருவியைச் செருகி, எண்ணைக் குறித்து, தலையாட்டினார். போகும்போது எல்லோரும் வேறு பக்கம் திரும்பியதாக நினைத்து, தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மண்ணில் அழுத்திப் பார்த்தார்.

அனுமதி கிடைத்தது. ஸ்டம்ப் அடிக்கும் மரச் சுத்தியலால் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்தோம். போட்டியில் மூன்றே நாளில் தோற்றோம். "டீம் தோத்துச்சு. பிட்ச் தோக்கல" என்றார் அப்பா.

பிறகு ஊர் ஊராக மைதானங்கள் வந்தன. அங்கிருந்து அப்பாவிடம் வேலை பழக வந்தவர்கள் ஈரமானி இருப்பதையே அறியாமல் திரும்பினார்கள். நாட்டில் கிரிக்கெட் வளர வளர, பூட்டிய வாசலில் நிற்கும் மனைவிமாரும் பெருகினார்கள்.

போன மாதம் அப்பா இறந்தார். இப்போது சாவி ஆணியிலேயே தொங்குகிறது.

நேற்று அம்மா போன் செய்தார். "மைதானத்து வாசல்ல நிக்கிறேன்டா." வழக்கம்போல் பூட்டை அமுக்கிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். சாவி உள்ளே.

மைதானத்தில் மரச் சுத்தியல் கேட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.