கடைசி இரண்டு அத்தியாயம்

முத்துப்பேட்டை மெஹராஜ் பேகத்துக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் கடைத்தெரு அமிர்தலிங்கத்தின் வாடகைப் புத்தகக் கடையில் அவள் தொடாத நாவல் கிடையாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அவரே பைண்டு பண்ணி வைத்திருப்பார். ஒவ்வொன்றையும் திருப்பித் தரும்போது இரண்டு பேருக்கும் ஒரு சண்டை.

“இந்தாளுக்கு மழையை எழுத வருதுண்ணே. அடுப்படிக்குள்ள வந்தாத்தான் தடுமாறுறாரு. எட்டுப் பேரு இருக்குற வீட்டுல ஒருத்தி தனியா உக்காந்து அழ எடம் ஏது?”

“நீங்கதான் எழுதுங்களேம்மா, பாப்போம்.”

அவள் புருஷன் அஹமது கபீர், சொந்த மாமி மகன்தான், தொண்ணூற்றிரண்டில் துபாய்க்குப் போனவர். ஊருக்கு வருபவர் போகிறவர் கையில் கேசட் போகும், வரும். வீட்டு விஷயத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மீதி நாடா முழுக்க மெஹராஜ் கதை வாசிப்பாள். நடுவில் நிறுத்தி, “இந்த இடம் பொய், மச்சான்” என்பாள். அங்கே ரூமில் இருந்த ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

இரண்டு வருஷத்தில் வர வேண்டியவர் ஓவர்டைம் ஓவர்டைம் என்று நாளைத் தள்ளினார். மூன்றாம் வருஷம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கடையிலிருந்து எடுத்து வந்து வாசித்தது, கோவித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒருத்தியின் கதை; கடைசி இரண்டு அத்தியாயத்தை மட்டும் அவள் பதியவில்லை.

“மீதியை ஊருக்கு வந்து கேளுங்க மச்சான். நானும் படிக்காமத்தான் வச்சிருக்கேன்.”

சொன்னபடி அந்தப் பக்கங்களை நூல் போட்டுக் கட்டினாள். பெருநாளைக்கு வருவதாகப் பதில் கேசட் வந்தது.

பெருநாளுக்கு இரண்டு மாசம் இருக்கையில், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலி வந்து கபீர் மௌத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. முழுக்கப் பதிந்து அனுப்பியிருந்தால் கேட்டுவிட்டாவது போயிருப்பாரே என்று மெஹராஜ் தன்னையே நொந்துகொண்டாள்.

இத்தா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. ரூமில் கூட இருந்த இப்ராஹிம் கபீருடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரைக்கு வெளியே தயங்கி நின்றான்.

“லாத்தா, கபீர் காக்கா போட்டுக் காட்டுன கதையில அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆனா? ரூமுல எல்லாரும் கேட்டு வரச் சொன்னாங்க.”

“உங்க காக்கா என்ன சொன்னாரு?”

“திரும்பி வந்துடுவான்னாரு. நாங்க அஞ்சு பேரும் வரமாட்டான்னோம். லீவு எழுதிக் குடுத்த அன்னைக்குக்கூட, வந்துடுவா பாருங்கடான்னுதான் சொன்னாரு.”



“வந்துட்டான்னு சொல்லிடு தம்பி.”

இத்தா முடிந்த வாரம் வெள்ளைத் துப்பட்டியோடு கடைக்குப் போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். நூல் கட்டியபடியே இருந்தது. கதையில் அந்தப் பெண் திரும்பி வரவே மாட்டாள். பைண்டு பண்ணியவருக்கு அது தெரியும்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லாத்தான் முடிச்சிருக்காருண்ணே. கடைசில வந்துடுறா.”

எதற்கும் மறுத்துப் பேசுகிற மனுஷர், நூல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா, வந்துடுறா” என்று சொல்லி, புத்தகத்தை அலமாரியில் வைக்காமல் மேசைக்கு அடியில் வைத்தார்.