பதினொரு சின்னக் கற்கள்

எல்மர் குன்ட்லாக் செத்ததும், அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி சர்ச்சில் கேட்டார்கள். புல் நன்றாக வெட்டுவார். மேற்கொண்டு மூன்று வரிக்கு நான் எங்கே போவேன்?

கான்சாஸில் எங்கள் ஊரின் முதல் குடியேறிகளைப் புதைத்த மேட்டுக்கு நாற்பது வருடம் அவர்தான் தலைவர். அவருடைய தாத்தாவின் மாட்டுவண்டிதான் இங்கே முதலில் வந்ததாம். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போனது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி வாங்கினார்.

அந்த வண்டிக்குக் குழந்தைகளின் கல்லறைகள் மேல் நட்டிருந்த சின்னக் கற்கள் இடைஞ்சலாம். பதினொன்றையும் பிடுங்கி வேலியோரம் வரிசையாக நட்டுவிட்டார். எது எங்கே இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை, அந்த மகா புத்திசாலி.

அதில் ஒன்று ஹுல்டா பிரெக்கியின் மகனுடையது. ஒன்பது நாள் இருந்த பிள்ளை. தன்னையும் அவன் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. மே மாதக் கடைசியில் எல்லோரும் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், காப்பி டப்பாவில் பியோனிப் பூக்களோடு வந்தவள், வெறும் புல்லைப் பார்த்துத் திகைத்து நின்றாள். உருளைக்கிழங்கு சாலட்டை மென்றுகொண்டே எல்மர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"கல்லத்தான் நகத்தினீங்க, எல்மர். என் புள்ள அங்க வரலியே," என்றாள் ஹுல்டா.

ஒன்பது நாள் பிள்ளைக்கு இடம் வலம் தெரியுமா என்று அவர் சிரித்தார். தூ, இதெல்லாம் ஒரு பிறவி!

அடுத்த வருடம் அவர் மனைவி லவீனா போய்விட்டாள். பாவம், நல்லவள். முன்வரிசையில் தாத்தாவுக்குப் பக்கத்தில், காலி இடம் என்று சொல்லி, யாரையும் கேட்காமல், தனக்கும் சேர்த்து எல்மரே கயிறு கட்டி இடம் பிடித்தார். மூன்றடி தோண்டியதும் மக்கிய சின்னப் பலகையும் இரண்டு நீலப் பொத்தான்களும் வந்தன. ஹுல்டாவைக் கூட்டி வந்து காட்டினோம். பொத்தான்களை எடுத்து முந்தியில் மண்ணைத் துடைத்தாள்.

"என் கோட்டுப் பொத்தான். அவன் சட்டைக்குத் தச்சேன். மூடிருங்கப்பா," என்றாள்.

மூடினோம். மீதிப் பத்துப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் மேட்டில் வேறெங்கும் மண்வெட்டி போட யாருக்கும் துணிவு வரவில்லை. காலி என்று உறுதியாகத் தெரிந்தது வேலியோரம் மட்டும்தான். லவீனாவை அங்கே புதைத்தோம்.

எல்மர் கயிறு கட்டிய இடத்தில், மகனுக்குப் பக்கத்தில், இப்போது ஹுல்டா இருக்கிறாள். எல்மர் வேலியோரம். அவர் நட்ட கற்களுக்கு நடுவே அவருடைய வண்டி நுழையாது. புல் முழங்கால் உயரம் நிற்கிறது.