இல்லாத வண்டிக்கு வழி

யாராவது கேட்டால் அம்மா, "மூத்த மருமக ரேடியோ ரிப்பேர் பாக்குறா" என்று சொல்லிவிடுவாள். வேலைக்கு வந்த இந்த ஊரிலிருந்து போனில் எத்தனை தடவை விளக்கினாலும் அது அவள் காதில் ஏறாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அண்ணி தீயணைப்பு நிலையத்தில் இன்ஜினியர். மலைக்காட்டில் தீப்பிடித்தால் முதலில் போன் டவர்தான் படுத்துவிடும். அப்புறம் வண்டிகளே ஒன்றுக்கொன்று டவர். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி. வந்த செய்தியைப் பக்கத்து வண்டிக்குக் கைமாற்றிவிடும். வண்டிகள் நகர நகர வழியும் மாறும். எது கிட்டத்து வழி, எந்தப் பெட்டியின் பேச்சை நம்பலாம் என்று பார்த்துப் பார்த்து அமைத்தவர் அண்ணி. அண்ணன் அதே நிலையத்தில் ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவர்.

போன கோடையில் ஒரு மதியம் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கட்டுப்பாட்டு அறையில் அண்ணி திரைக்கு முன்னால் இருந்தார். காற்று திரும்பி, தீ சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா வண்டியும் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போயிருந்தது. இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு அது நேராகவே எட்டிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழிலிருந்து மட்டும் பதில் இல்லை.

"அண்ணன் எங்க அண்ணி?"

"அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். டப்பாவ வச்சுட்டு உக்காருங்க தம்பி."

உட்கார முடியவில்லை. அண்ணி ஏதோ தட்டினார். "நூத்திப் பதினோராம் வண்டிக்கு வழி தெரியுமான்னு எல்லாப் பெட்டியையும் கேக்குறேன்."

பக்கத்து மேஜை ரேடியோக்காரர் திரும்பினார். "நம்மகிட்ட மொத்தமே பன்னெண்டு வண்டிதானம்மா. வெயில் தலைக்கேறிடுச்சா?"

"தெரியாதுன்னு சொல்றவன் யோக்கியன். தெரியும்னு சொல்றவன்தான் எனக்கு வேணும்."

ஒரே ஒரு பெட்டி, இதோ என் பக்கத்தில்தான் நிற்கிறது என்று பதில் அனுப்பியது. தலைமை அதிகாரியின் ஜீப்.

எல்லாச் செய்தியும் தன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பெட்டி விற்றவரைப் பிடித்து, யார் எந்த வண்டியைக் கேட்டாலும் 'நானே கிட்டம்' என்று சொல்லும்படி மாற்றிவைத்திருந்தார். அன்று ஜீப் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் நின்றது. ஏழுக்குப் போன உத்தரவை வாங்கி, அனுப்ப வழியில்லாமல் வைத்துக்கொண்டிருந்தது.

"ஜீப்ப வெட்டிவிடப் போறேன். இனி அது பேச்ச எந்த வண்டியும் கேக்காது."

"அதிகாரியே அந்த ஜீப்புக்குள்ள உக்காந்திருக்காரும்மா. வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

"வேலை போனா தம்பி சம்பாதிச்சுப் போடுவாரு."

நானே அப்போது வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். உத்தரவு இந்தத் தடவை சுற்றிக்கொண்டு போனது: தண்ணி லாரி, அங்கிருந்து ஆம்புலன்ஸ், அங்கிருந்து ஏழு. திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'ஏழு. புரிந்தது. இறங்குகிறோம்.' அண்ணி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். "என் ஜீப்ப வெட்டினது யாரு?"

"நான்தான் சார்." ஏன் என்பதையும் சொன்னார்.

அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏழு வந்துடுச்சா?"

"உள்ள நுழையுது சார்."

"அப்ப, நான் அந்தப் பெட்டிய சரிபண்ற வரைக்கும் வெட்டியே வைங்க."

முகமெல்லாம் கரியோடு இறங்கிய அண்ணன், வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "என்னை மலையிலேர்ந்து இறக்கினது என் பொண்டாட்டி" என்றான்.

"போதும், மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்றார் அண்ணி.

அவன் கழுவவில்லை. அடுத்த ஆளிடம் சொல்லப் போய்விட்டான்.