குளியல் தொட்டியில் ஆற்றுச் சிங்கிகள்

அந்த வருடம் மாசி மாதத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வரவேண்டிய நாளுக்கு வெகு முன்னதாக வந்து, ஒரு பகல் முழுவதும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடி, மாலையில் போய்விட்டது. என் மனைவி என்னைக் கட்டி ஜேர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கொலோனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம்.

முதல் இரண்டு கிழமை சனம் வந்தது. சோறு கறி கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "இளம் வயசுதானே, இன்னொண்டு பிறக்கும்" என்று எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு வரத்து நின்றது. ஜேர்மன் வகுப்புக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள். வகுப்பில் எல்லோரும் அவளை வயிற்றோடு பார்த்தவர்கள். குழந்தை எங்கே என்று கேட்பார்கள். எனக்கு ஒழுங்காகச் சமைத்து வைப்பாள். தன் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பிடி சோறு, அதன்மேல் கொஞ்சம் ரசம். ஏன் என்று கேட்டால், "வாய்க்குப் பிடிக்கேல்லை அப்பா" என்பாள்; எங்கள் ஊர்ப் பெண்கள் கணவனை அழைக்கிற 'அப்பா' அது. என் முன்னால் அவள் ஒருநாளும் அழவில்லை. நானும் அழவில்லை. வேலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டோம்.

நான் வேலை செய்த வாகன உதிரிப்பாகக் கிடங்கில் என்னோடு ஒரே வேலைநேரத்தில் நின்றவர் கஸகஸ்தானிலிருந்து வந்தவர். பாட்டன் காலத்திலேயே அந்தப் பக்கம் குடியேறிவிட்ட ஜேர்மன்காரர்களின் வழி வந்தவர் என்பதால் வந்த உடனேயே அவருக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஆனால் ஜேர்மன் பேச்சு வராது. ரஷ்ய மொழியை இழுத்து இழுத்து ஜேர்மனாக்குவார். நான் தமிழை அப்படி ஆக்குவேன். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. அவர் சொன்னவை எல்லாம் இப்போது எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கின்றன.

வைகாசி மாதத்தில் ஒருநாள், இடைவேளையில் பாண் ரொட்டியைக் கடித்தபடி கேட்டார்.

"சனிக்கிழமை என்ன செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை."

"அப்ப விடிய ஆத்துக்கு வா. சப்பாத்து நனையும், பழசைப் போட்டுக்கொண்டு வா."

அவரிடம் மீன்பிடி அனுமதி இருந்தது. நகரத்துக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே ஓடும் ஒரு சிற்றாறு. முதல் நாள் மாலையே மீன் தலைகளை உள்ளே கட்டிக் கூடுகளை இறக்கி வைத்திருந்தார். கயிற்றைப் பிடித்து முதல் கூட்டை இழுத்தபோது உள்ளே சடசடவென்று சத்தம் கேட்டது. நான் மீனைத்தான் எதிர்பார்த்தேன். மேலே வந்தது வேறு. நண்டின் கொடுக்கு, இறாலின் உடம்பு. எங்கள் கடலில் பிடிக்கும் சிங்கி இறாலைச் சின்னதாக்கி, தவிட்டு நிறம் பூசி, இரண்டு பெரிய கொடுக்கை மாட்டிவிட்டது போல இருந்தது. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றுச் சிங்கி என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

"முதுகிலை பிடி. கொடுக்குக்குப் பின்னாலை" என்றார். பிடித்தேன். அது கொடுக்கைப் பின்னால் வளைத்து என்னை எட்டப் பார்த்தது. எட்டவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

இவை அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அவர் சொன்னார். யாரோ கொண்டுவந்து விட்டார்களாம். இவை சுமந்துவந்த நோயில் உள்ளூர்ச் சிங்கிகள் செத்துப் போயினவாம். "அதாலை எவ்வளவும் பிடிக்கலாம். ஆனா பிடிச்சதைத் திரும்ப ஆத்திலை விடக்கூடாது. சட்டம்."

வாளி நிறைந்ததும் ஈரப் புல்லைப் பிடுங்கி மேலே போட்டு மூடினார். பிறகு மிகச் சாதாரணமாக, "உன்ரை வீட்டிலை சமைப்பம்" என்றார்.

"மனுசிக்குச் சுகமில்லை" என்றேன்.

"தெரியும். அதாலைதான்."

நான் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

வீட்டு வாசலில் அவரை நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் மேலே போனேன். அவள் பழைய சட்டையோடு ஜன்னலருகே இருந்தாள். விசயத்தைச் சொன்னதும் பதறி எழுந்தாள்.

"இப்பவோ? ஒரு சொல்லு முதலே சொல்லியிருக்கலாம்தானே! வீடு கிடக்கிற கிடையைப் பாருங்கோ."

அவள் கோபப்பட்டது எனக்கு நல்லதாகவே பட்டது. கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தலையைக் கட்டி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் ஒரு கையில் வாளியும், மறு கையில் ஒரு பெரிய பானையும், கக்கத்தில் பூவோடு பிடுங்கின சதகுப்பைக் கீரைக் கட்டும் சுமந்து மாடியேறி வந்துவிட்டார்.

கழுவுவதற்காக அவற்றைக் குளியல் தொட்டிக்குள் கொட்டினோம். கொஞ்சம் தண்ணீர் விட்ட வெள்ளைத் தொட்டியில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வழுக்கி, பின்பக்கமாகவே நீந்தின. ஒன்று எப்படியோ விளிம்பைத் தாண்டி விழுந்து சலவை இயந்திரத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் குனிந்து தும்புத்தடியால் தள்ள, அவர் மறுபக்கம் படுத்துக்கொண்டு ரஷ்ய மொழியில் அதைத் திட்டினார். அது அவள் காலடியில் வெளியே வந்தது. அவள் பயப்படவில்லை. டக்கென்று முதுகில் பிடித்துத் தூக்கினாள். அதைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சை பாருங்கோ" என்றாள், மெதுவாக.

வாலை உள்ளே மடக்கிக்கொண்டு இருந்தது அது. வாலின் அடியில் கறுப்பு மிளகு மணிகளைக் கோத்து ஒட்டியதுபோல முட்டைகள். அவற்றின்மேல் சின்னக் கால்கள் விசிறிபோல அசைந்துகொண்டிருந்தன.

அவள் அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டாள். "இதைத் திரும்ப ஆத்திலை விடலாமோ?"

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவருக்கு முகம் வாடிவிட்டது. "விடேலாது. சட்டம் அப்படி."

"அப்ப சமைக்கிறதோ?"

தொட்டிக்குள் ஓடுகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, நாங்கள் தரை துடைக்கிற சின்ன வாளியை எடுத்துக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அவளிடம் நீட்டினார்.

"என்ரை தோட்டத்திலை மழைத்தண்ணிப் பீப்பா ஒண்டு இருக்கு. அது ஆறு இல்லை. பீப்பாவைப் பற்றிச் சட்டத்திலை ஒண்டும் இல்லையெண்டு நினைக்கிறன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் எனக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது" என்றார்.

அவள் அதை வாளிக்குள் இறக்கினாள். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். வாயை மூடாமல், சத்தமாக அழுதாள். மூன்று மாதமாக வராதது முழுவதும் அந்தச் சின்னக் குளியலறையில் வந்தது. நான் அவள் பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணிலிருந்தும் வழிந்தது. அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஈரக் கையோடு கதவடியிலேயே நின்றார். தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுகை தணிந்த பிறகுதான், "நான் போய்த் தண்ணி கொதிக்க வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

(அந்தப் பீப்பாவில் முட்டைகள் பொரித்தன. குஞ்சுகள் தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தனவாம். பிறகு ஒன்றையொன்று தின்று தீர்த்தனவாம். தப்பியது ஒன்றிரண்டுதான். அதை அவர் எனக்கு மட்டும் சொன்னார்.)

முகம் கழுவிக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்தபோது பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு, கைநிறையச் சதகுப்பை, ஒரு போத்தல் பியர். "நல்லாக் கொதிக்க வேணும். அப்பதான் அதுக்குச் சட்டெண்டு முடியும்" என்று சொல்லி, தலை கீழாக இரண்டு மூன்றாகப் போட்டார். தண்ணீர் மறுபடி கொதித்து வரும்வரை அடுத்ததைப் போடமாட்டார். தவிட்டு நிறம் போய், கண் கூசும் சிவப்பாக அவை மேலே வந்தன.

பாதியை அவள் பிரித்து எடுத்தாள். அவர் வாலின் நடுச் செதிலைத் திருகி இழுத்துக் காட்டினார். கறுப்புக் குடல் நூல்போல வந்தது. மிச்சத்தை அவள் அப்படியே செய்தாள். வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம், வெந்தயம் தாளித்து, எங்கள் கறித்தூளைப் போட்டு, பழப்புளி கரைத்து விட்டு, தேங்காய்ப்பால் பேணியை உடைத்து ஊற்றினாள். நண்டுக் கறி மாதிரித்தான். சுவரெல்லாம் மணந்தது. பிழிந்த புளியை அவள் விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

மேசையில் பழைய பத்திரிகைகளை விரித்து, மூவரும் கையால் சாப்பிட்டோம். தலையைத் திருகி வாலைப் பிரி, ஓட்டை நசுக்கு, சதையை இழு. ஒரு சிங்கியில் ஒரு வாய்தான் வரும். கொடுக்கை உடைக்கச் சுத்தியல் எடுத்து வந்தேன். வெறுமனே அவித்ததில் ஆற்றுத் தண்ணீரின் மெல்லிய இனிப்பு இருந்தது. கறியில் அவர் பாணைத் தோய்த்துத் தின்றார். நெற்றியெல்லாம் வியர்த்து, மூக்கு ஒழுகியது. "இன்னும் போடு" என்றார்.

அவள் சாப்பிட்டாள். ஓடுகள் அவள் முன்னால் குவிந்தன. விரலெல்லாம் குழம்பு. நான் பார்ப்பது தெரியக்கூடாதென்று என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவள் கையை நிறுத்தி, அவரிடம் சொன்னாள்: "எங்களுக்கு ஒரு மகள் பிறந்தவள்."

"ஓம்" என்றார் அவர். "பேர் என்ன?"

யாருமே எங்களிடம் அதைக் கேட்டதில்லை. பெயர் வைத்திருந்தோம், ஆனால் அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை. அவள் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார், பிழையாக வந்தது. அந்தப் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. "அப்படி இல்லை" என்று அவள் நாக்கை மடித்துக் காட்டினாள். அவர் மறுபடி முயன்றார். கொடுக்கைக் கையில் பிடித்தபடி, ஒரு பெரிய மனிதர், வாயைக் கோணி அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். ஓரளவு சரியாக வரும்வரை அவர் விடவில்லை.

அவர் போன பிறகு பானை கழுவிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலேயே அவள் கேட்டாள்.

"பிள்ளையை வைச்ச இடத்தை எனக்குக் காட்டுவீங்களோ?"

அடக்கத்தின்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் தனியாகத்தான் போயிருந்தேன். பிறகு அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

"நாளைக்கே போவம்" என்றேன்.

அடுத்த நாள் பஸ் ஏறிப் போனோம். சின்னப் பிள்ளைகளுக்கென்று மயானத்தில் ஒதுக்கியிருந்த மூலையில் புல் நன்றாக வளர்ந்திருந்தது. அவள் குந்தியிருந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். வெகுநேரம் இருந்துவிட்டு, திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த பேக்கரியைப் பார்த்து, "பசிக்குது அப்பா" என்றாள். இரண்டு அப்பிள் கேக் துண்டு வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டோம்.